கல்லாகிப் போன மூன்று பிரஷ்கள்

பிரஷ்ஷைப் பிடித்து இழுத்தேன். டின்னும் சேர்ந்து வந்தது.

டின்னை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இன்னொரு முறை இழுத்தேன். அடியில் உறைந்திருந்த வார்னிஷ் படீரென்று விட்டது. நாலு அங்குல பிரஷ் கையோடு வந்தது. சுவரில் லேசாகத் தட்டிப் பார்த்தேன். கட்டையால் தட்டினது போல டக்கென்று கேட்டது.

ஆரணியில் பட்டுக்கடை வைத்திருந்த சம்பத் அண்ணன் அப்போது புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மாடிப்படிக்குக் கீழே இது நடந்தது. தொண்ணூறுகளின் பின்பாதி. அந்த வீட்டின் மர வேலைக்கெல்லாம் வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தவர் என் கணவர் ஏழுமலை.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், தலைவாசல் கதவுக்கு மேலே இருக்கும் மரச்சட்டத்துக்கு அடிப்பதற்காக இரண்டு டிரம்முக்குக் குறுக்கே பலகை போட்டு ஏறி நின்றிருக்கிறார். ஒரு டிரம் உருண்டுவிட்டது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அங்கிருந்தவர்கள் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். கீழே கிடந்த பிரஷ்களை யாரோ எடுத்து டின்னுக்குள் போட்டார்கள். அந்தக் களேபரத்தில் அதுவே பெரிய காரியம். அவற்றைக் கழுவ வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

எனக்குத் தோன்றியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. புருஷன் உள்ளே வலியில் முனகிக்கொண்டிருக்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, "பிரஷ்ஷை யாராவது கிருஷ்ணாயில்லயாவது போட்டு வெச்சிருப்பாங்களா" என்று நினைத்தவள் நான்.

கொல்லைப்புறத்து வேலை

அதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான ஆறு வருஷத்தில் அவர் ஒரு நாளும் பிரஷ் கழுவியதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையை என்னிடம் கொடுப்பார். நான் கொல்லைப்பக்கம் போய் உட்காருவேன்.

முதலில் பழைய செய்தித்தாளில் பிரஷ்ஷை அழுத்தி இழுத்து வார்னிஷ்ஷை எவ்வளவு முடியுமோ அவ்வளவு எடுத்துவிட வேண்டும். பிறகு மண்ணெண்ணெய். அதிலேயே விட்டு ஆட்டினால் போதாது. முடியைத் தகரப்பட்டை பிடித்திருக்கும் இடத்தில், கழுத்துக்குள்ளே, கட்டை விரலால் பிசைய வேண்டும். வார்னிஷ் ஒளிந்துகொள்வது அங்கேதான். இரண்டு முறை மண்ணெண்ணெய் மாற்றிவிட்டு சோப்புத்தூள். நுரை வெள்ளையாக வரும்வரை. அப்புறம் உதறி, பல் போன சீப்பால் வாரி, விரலால் முனையைச் சேர்த்து, காகிதத்தில் சுற்றி நூல் கட்டி, படுக்கையாக வைப்பேன். முடி கீழே ஊன்றும்படி நிற்க வைத்தால் ஒரே ராத்திரியில் பிரஷ் வளைந்துவிடும்.

பக்கத்துப் போர்ஷன் கஸ்தூரி ஒரு நாள் என்னைப் பார்த்துவிட்டு, "உன் வூட்டுக்காரர் தலைய கூட இவ்ளோ அக்கறையா வாரி உட்டுருக்க மாட்ட" என்றாள்.

"அவருக்கு அங்க இன்னாடி கீது, வார்றதுக்கு" என்றேன். உள்ளேயிருந்து அவர் இருமினார்.

நல்ல வார்னிஷ் பிரஷ் கடையில் கிடைக்காது. கடையில் கிடைப்பது வெறும் பிரஷ். அதை ஒரு வருஷம் இரண்டு வருஷம் அடித்து, ஒவ்வொரு நாளும் கழுவி வைத்தால்தான் கோடு விழாமல், முடி கொட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். அந்த நாலு அங்குல பிரஷ்ஷுக்கு எங்கள் கல்யாணத்தைவிட ஒரு வயது அதிகம்.

தெள்ளாருக்குப் போகலாம்

மூன்று பிரஷ்களையும் முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாலு அங்குலம், இரண்டு அங்குலம், ஓரங்களுக்கு அடிக்கும் ஒரு அங்குலம்.

மாவுக்கட்டு போட்ட காலை நீட்டிப் படுத்திருந்த அவர் ஒரு தடவை பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தூக்கிப் போட்டுடு."

"இருயா, பாக்கலாம்."

"பாக்கறதுக்கு இன்னா கீது அதுல? கல்லாய்டுச்சி. நானும்தான். இனிமே ஏணி ஏறுவனா நானு?" சுவரை நகத்தால் சுரண்டினார். "தெள்ளார்ல அண்ணன் கூப்புட்டுகினே கீறாரு. நெலத்த பாத்துகினு கெடக்கலாம்னு. போயிடலாம்."

தெள்ளாரில் அவர் அண்ணன் குத்தகைக்கு எடுத்திருந்தது கையகல நிலம். அதில் அவர் குடும்பமே பிழைக்கச் சிரமப்பட்டது. கால் ஒடிந்த மனிதர் அங்கே போய் என்ன செய்வார் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் மகள் ஜெயந்தியை அந்த வருஷம்தான் ஆரணிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். அவருக்கும் இதெல்லாம் தெரியும். அவர் பேசியது போக வேண்டும் என்பதற்காக அல்ல, எங்காவது போய் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

சம்பத் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் பதினாலு நாள் இருந்தது. பெரிய தேக்குக் கதவு பாதி அடித்தபடி நின்றது. வேலூரிலிருந்து ஆட்களை வரவழைக்கப் போவதாக அவர் சொல்லியனுப்பியிருந்தார்.

பட்டு கற்றுக்கொடுத்தது

அன்றைக்கே தின்னர் வாங்கி வந்து மூன்றையும் ஊறவைத்தேன். மறுநாள் காலை மேல்பூச்சு கொழகொழவென்று வந்தது. உள்ளே அசையவில்லை. கழுத்துக்குள் ஊசியை விட்டால் ஊசிதான் வளைந்தது.

அப்போதுதான் சாயப்பட்டறை ஞாபகம் வந்தது.

என் அம்மா வேலை செய்த சாயப்பட்டறையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். படிக்காதவர்களுக்காக நாலு வரி. கச்சாப் பட்டு நூல் மேலே இயற்கையாகவே ஒரு பசை உண்டு. அது இருக்கும்வரை நூல் விறைப்பாக, மங்கலாக இருக்கும். சோப்பும் சோடாவும் கரைத்த வெந்நீரில் போட்டு எடுத்தால்தான் பசை விட்டுப் பட்டு பட்டாகும். சோடா கூடிவிட்டால் நூல் வெந்து பொசுங்கிவிடும். குறைந்தால் பசை போகாது. எவ்வளவு என்பதைக் கையால் தொட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் நானும் அம்மாவோடு அந்தத் தொட்டியில் நூல் அலசியவள்தான்.

பட்டு பூச்சியிலிருந்து வருவது. பிரஷ் முடி பன்றியிலிருந்து வருவது. இரண்டும் உயிருள்ள ஒன்றின் மேலிருந்து வந்தவை. அதற்குத் தாங்குகிற சூடு இதற்கும் தாங்கும் என்று ஒரு கணக்கு.

அலுமினியப் போசியில் தண்ணீரை விரல் பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தேன். துணி துவைக்கும் சோப்பைச் சீவிப் போட்டேன். சலவை சோடா அரைப் பிடி. பிரஷ்களைக் கம்பியில் கோத்து, முனை அடியில் படாமல் தொங்கவிட்டேன். தண்ணீர் ஆறியதும் எடுத்து, நுனியிலிருந்து சீப்பால் வாரினேன். சிக்குப் பிடித்த தலையை வேரிலிருந்து வாரினால் முடிதான் பிய்யும். நுனியில் கொஞ்சம், அதற்கு மேலே கொஞ்சம். திரும்பத் தண்ணீர், திரும்பச் சோப்பு.

முதல் நாள் முழுக்கப் பழுப்புத் தண்ணீர் வந்தது. அவர் கட்டிலில் இருந்தபடி கொல்லைக் கதவு வழியாகப் பார்ப்பதும் கண்ணை மூடிக்கொள்வதுமாக இருந்தார்.

இரண்டாம் நாள் ஒரு அங்குல பிரஷ் கழுத்தோடு கழன்றது. முடிக்கற்றை மொத்தமாகக் கையில் வந்துவிட்டது. முடியைப் பிடித்திருந்த பசையும் சோடாவில் இளகிவிட்டது போலும். கற்றையைத் திரும்பத் தகரப்பட்டைக்குள் சொருகிப் பார்த்தேன், நிற்கவில்லை.

"இன்னா ஆச்சி?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சின்னது பூடுச்சி."

கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, "கழுத்து வரிக்கும் ஏன் முக்குற? முடி மட்டும் முங்கினா போதும்" என்றார்.

தூக்கிப் போடச் சொன்னதற்குப் பிறகு அவர் பிரஷ்ஷைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அது. மற்ற இரண்டையும் ஒரு விரல் மேலே தூக்கிக் கட்டினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு அங்குல பிரஷ்ஷை உதறியபோது முகத்தில் தண்ணீர் தெறித்தது. முடி விரிந்து சேர்ந்தது. கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. அலமாரியிலிருந்து தேங்காயெண்ணெய் எடுத்தேன்.

"எண்ணெ தொடாத" என்று அவர் கத்தினார். ஒரு கையை ஊன்றி எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "எண்ணெ பட்டா வார்னிஷ் காயவே காயாது. எட்து வையி. குடு இப்பிடி."

கொடுத்தேன். இரு கையிலும் வாங்கிக்கொண்டார். முடியை விரலால் பிரித்துப் பிரித்துக் கழுத்துக்குள் பார்த்தார். சீப்பைக் கேட்டார். வெகுநேரம் வாரினார்.

ஸ்டோர் ரூம் கதவு

மறுநாள் காலையில் நான் சம்பத் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி லோகநாயகி அக்காவும் அங்கே நின்றிருந்தார்.

"கதவ நானே முடிச்சித் தரேங்கண்ணா."

"நீயா? இன்னாமா நீ. அது தேக்கு. வெளாட்டு இல்ல."

"தலைவாசல் இப்ப வாணாம். உள்ள ஸ்டோர் ரூம் கதவு ஒண்ணு பாக்கி கீது. அத குடுங்க. பாத்துட்டு அப்பால சொல்லுங்க. சரியில்லன்னா வேலூர் ஆளுங்களே வரட்டும்."

அவர் மனைவியைப் பார்த்தார். "ஸ்டோர் ரூம் தானே. அடிக்கட்டும்" என்றார் லோகநாயகி அக்கா.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டேன். அதுவரை எல்லாம் எனக்குப் பழக்கம். அவர் கூட எத்தனையோ வீட்டில் தேய்த்திருக்கிறேன். ஆனால் வார்னிஷ்ஷில் பிரஷ்ஷைத் தோய்த்து மரத்தில் வைத்தது அன்றுதான் முதல் தடவை.

கோடு கோடாக விழுந்தது. ஒரு பக்கம் கெட்டியாக, ஒரு பக்கம் கீறினது போல. நான்கு முடி வேறு உதிர்ந்து ஒட்டிக்கொண்டது. மேலே மேலே இழுத்தேன். இழுக்க இழுக்க அசிங்கமானது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு வருஷம் கழுவிய பிரஷ். அதன் ஒரு மூலை மட்டும் தேய்ந்து சரிந்திருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அவர் வலது கையால் ஒரே மாதிரி சாய்த்து இழுத்து இழுத்துத் தேய்ந்த மூலை அது.

நான் இடது கைக்காரி.

பிரஷ்ஷைத் திருப்பிப் பிடித்தேன். முன்பக்கம் பின்பக்கமாக வந்தது. தேய்ந்த சரிவு இப்போது மரத்தில் படுக்கையாக உட்கார்ந்தது. மெதுவாக இழுத்தேன். கண்ணாடி மேல் தண்ணீர் ஓடுவது போல ஓடியது.

அடித்ததையெல்லாம் தின்னர் துணியால் துடைத்து எடுத்துவிட்டு, பிரஷ்ஷை உள்ளங்கையில் முப்பது நாற்பது தடவை அறைந்து தளர்ந்த முடிகளை உதிர்த்தேன். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். அவர் தன் வலது கையை நீட்டி, காற்றில் ஒரு முறை பிரஷ் இழுத்துப் பார்த்தார். பிறகு இடது கையால் இழுத்துப் பார்த்தார். "ஆமா" என்றார். "அப்பிடித்தான் வரும்." அன்றைக்குப் பிரஷ் பையை நான் கீழே வைக்கும் முன்பே வாங்கிக்கொண்டார். மண்ணெண்ணெய்க் கிண்ணத்தைக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். மறுநாளும் அப்படியே. பிசைவது அவருக்குச் சரியாக வரவில்லை. நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவருக்கே கை வந்துவிட்டது.

எந்தக் கை

ஸ்டோர் ரூம் கதவு காய்ந்ததும் சம்பத் அண்ணன் வந்து பார்த்தார். பல்பைப் போட்டுச் சாய்ந்து பார்த்தார். நகத்தால் சுண்டினார். அடுத்த கோட்டிங் நான் அடிப்பதை வாசலில் நின்று கவனித்தார். அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"இன்னாமா, எடது கையாலயா அடிக்கற?"

"ஆமாங்கண்ணா."

அவர் முகம் மாறிவிட்டது. "இது ஸ்டோர் ரூம், பரவால்ல. தலைவாசல் கதவு மகாலட்சுமி வர்ற எடம். அதுல போயி…" முடிக்காமல் நிறுத்தினார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அது நிஜமாகவே சங்கடம்.

பிரஷ்ஷை டின் விளிம்பில் வைத்தேன். யோசித்துப் பேசவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அண்ணா, நீங்க நூல் போடற சாயப்பட்டறையில நாலு வருஷம் பட்டு அலசினவ நானு. உங்க கடையில அடுக்கி வெச்ச பொடவையெல்லாம் இந்தக் கையிலதான் மொதல்ல வெளுத்துது. எத்தினி பொண்ணுங்க அத கட்டிகினு மணையில ஒக்காந்துருக்கும்."

அவர் பின்னால் வந்து நின்றிருந்த லோகநாயகி அக்காதான் பேசினார். "எம் முகூர்த்தப் புடவையும் அங்க சாயம் போட்டதுதான். இருவது வருஷமா பீரோல பத்திரமாத்தான் கீது." பிறகு என்னிடம், "ஜல்தியா மூணு கோட்டிங் முடியுமா உன்னால?" என்றார்.

"வெயில் இருந்தா முடியுங்கக்கா."

வெயில் இருந்தது. தினமும் காலை காற்று கிளம்புவதற்குள் அடித்துவிடுவேன். மறுநாள் உப்புத்தாள் போட்டு மெல்லத் தேய்த்து, துடைத்து, அடுத்தது. மேல் சட்டத்துக்கு ஏற வேண்டிய நாள் வந்தது. கணவர் சொல்லியனுப்பியபடி டிரம்மைத் தொடவில்லை. கொத்தனாரிடம் இரும்பு ஸ்டூல் கேட்டு வாங்கினேன். சின்ன பிரஷ் இல்லாததால் செதுக்கிய பூ வேலைப்பாட்டின் மூலைகளுக்கு இரண்டு அங்குல பிரஷ்ஷின் ஓரத்தை வைத்தே அடித்தேன். அதற்கே ஒரு முழு நாள் போயிற்று.

விழாவுக்கு முந்தைய நாள் அவர் ஆட்டோவில் வந்தார். கட்டையை ஊன்றிக்கொண்டு கதவு முன்னால் நின்றார். சாயங்கால வெளிச்சம் கதவில் சாய்ந்து விழும்போது குறை எல்லாம் தெரிந்துவிடும். மேலிருந்து கீழே பார்த்தார். உள்ளங்கையை வைத்து நீளமாகத் தடவினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் டின்னை மூடிக்கொண்டிருந்தேன்.

"கீல் பக்கம் ஒரு எடத்துல ஒழுகியிருக்குது" என்றார்.

"தெரியும்."

"அந்த எடத்துல நான் அடிச்சாலும் ஒழுகும்."

இருபத்தைந்து வருஷத்தில் என் வேலையைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

முள்ளிப்பட்டு பஸ்

விழாவன்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெயர் பவுனு. முள்ளிப்பட்டில் வீட்டிலேயே தறி போட்டு, சம்பத் அண்ணனிடம் நூல் வாங்கி நெய்து கொடுக்கும் குடும்பம். சாப்பாட்டுக்கு நடுவில் அவர் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் வார்னிஷ் போகவே இல்லை.

"வாசக்கதவு நீங்க அடிச்சதாமே. லோகு சொல்லிச்சி."

"ஆமாங்க."

"நாங்களும் சின்னதா ஒரு வூடு கட்டிகினு கீறோம். தேக்கெல்லாம் இல்ல. வேப்பமரந்தான். ஒரே ஒரு கதவு." ரசத்தைக் கலந்துகொண்டே கொஞ்சம் தயங்கினார். "வேம்புக்கு வார்னிஷ் அடிச்சா நல்லா இருக்குமா?"

ஆண்கள் பந்தியில் என் கணவர் எங்கோ உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லலாம் என்று கேட்க ஆளில்லை. வேம்பின் ரேகை எப்படி இருக்கும் என்று ஒரு கணம் மனதில் பார்த்தேன்.

"நல்லா தேச்சா தேக்கே தோத்துடுங்க. ஆசாரி கதவு மாட்டட்டும். மாட்டி ஒரு வாரம் கழிச்சி வரேன்" என்றேன்.

அன்று ராத்திரி கணவரிடம் சொன்னேன். அந்த ஒரு வாரம் வருவதற்குள் மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. கால் ஒரு விரல்கடை குட்டையாகத்தான் கூடியது. ஏணி ஏற முடியாது என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்து, "கதவுல பாதி கீழதான கீது. ஒக்காந்துகினே தேய்க்கலாம்" என்றார். தெள்ளார் பேச்சு அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எழவில்லை.

பின்னாட்களில் செய்யாறு வரைக்கும் போய் வேலை செய்தோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஸ்பிரே, மிஷின் எல்லாம் வந்தது, அதையும் கற்றுக்கொண்டோம். அதெல்லாம் வேறு கதை.

முள்ளிப்பட்டுக்குக் கிளம்பிய அன்று காலை பஸ்ஸில் கூட்டமில்லை. அவர் ஜன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் வந்தார். வழக்கமாகக் கணவர்தான் டிக்கெட் வாங்குவார். அன்றைக்கு அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா?"

"முள்ளிப்பட்டு, ரெண்டு" என்றேன்.

"விசேஷமா?" என்று கேட்டுக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார்.

"வேலைக்கு" என்றேன்.